இரண்டு ப்ராசசர் இருந்தும் தோற்றது ஏன்?

ஒரு ப்ராசசருக்குப் பதில் இரண்டு போட்டால் வேகம் இரட்டிப்பாகும்னு நாம் கணக்குப் போடுவோம். அது நடைமுறையில் என்ன ஆச்சு என்று பார்ப்போமா?

1994 நவம்பர் 22 அன்று ஜப்பானில் சேகா கம்பெனி 'சாட்டர்ன்' வீடியோ கேம் கருவியை வெளியிட்டது. உள்ளே ஹிட்டாச்சியின் எஸ்.எச்.2 ப்ராசசர் இரண்டு. டிசம்பர் 3-ல் சோனியின் 'ப்ளேஸ்டேஷன்' வந்தது. அதில் பிரதான ப்ராசசர் ஒன்றே ஒன்று; முப்பரிமாணக் கணக்குக்கு மட்டும் துணைப் பகுதி ஒன்று.

சாட்டர்னின் இரண்டு ப்ராசசர்களுக்கும் மெமரிக்குப் போக ஒரே பஸ்தான். ஒன்று போகும்போது மற்றது காத்திருக்கணும். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு முழுவதும் புரோகிராமர் தலையில்! சோனியோ, சி மொழியிலேயே கேம் எழுத லைப்ரரிகளைத் தந்தது. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில் சாட்டர்ன் விலை 399 டாலர் என்றார்கள். சோனி 299 என்றது.

1996-ல் வந்த 'நின்டெண்டோ 64' 64 பிட் இயந்திரம். ஆனால் அதன் கார்ட்ரிட்ஜ் கொள்ளளவு அதிகபட்சம் 64 மெகாபைட். சி.டி.யிலோ சுமார் 650. தயாரிப்புச் செலவும் குறைவு.

முடிவு? ப்ளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி. சாட்டர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. 2001-ல் சேகா கருவி தயாரிப்பையே கைவிட்டது.

ஆகவே நண்பர்களே, ப்ராஜெக்ட் செய்யும்போது டேட்டா ஷீட்டை மட்டும் பார்க்காதீர்கள். இதை வைத்து வேலை செய்யப்போகிறவனுக்குச் சுலபமா என்றும் கேளுங்கள்!