கோப்பைத் திறக்கும் எழுத்து

இணையத்தளத்தில் ஒருவர் படிவத்தை நிரப்பி அனுப்பும்போது, அவ்விவரங்கள் சேவையகம் எனப்படும் கணினியில் ஒரு கோப்பாகச் சேமிக்கப்படலாம். அக்கோப்பைப் படிக்கவும் அதில் எழுதவும் நிரல்மொழி உதவுகிறது. 1995ஆம் ஆண்டில் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. அத்தகைய மொழிகளுள் ஒன்று.

இம்மொழியில், கோப்பு எதற்காகத் திறக்கப்படுகிறது என்பதை ஓர் ஆங்கில எழுத்தால் குறிப்பிட வேண்டும். 'ஆர்' என்றால் படிக்க மட்டுமே முடியும். 'ஏ' என்றால் புதிய வரிகள் கோப்பின் இறுதியில் சேரும். 'டபிள்யூ' என்றால், கோப்பைத் திறந்தவுடனேயே அதில் இருந்தவை அனைத்தும் அழிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, பள்ளி நூலகத்தின் இரவல் பதிவுகள் இத்தகைய கோப்பில் இருக்கலாம். 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டபிள்யூ' இருந்தால், இன்று ஒரு மாணவர் நூல் இரவல் பெற்றதும் நேற்றுவரை பதிவான பெயர்கள் மறைந்துவிடும். கணினி எச்சரிக்காது, இட்ட கட்டளையை அப்படியே நிறைவேற்றும்.

இருவர் ஒரே நேரத்தில் எழுதினாலும் பதிவுகள் குழம்பக்கூடும். அதனால், ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்யும் வகையில் கோப்பைப் பூட்டும் வசதியும் உண்டு. தேர்ந்த நிரலாளர் கோப்பைப் பூட்டிய பின்னரே எழுதுவார்; நகல் ஒன்றையும் தனியே வைத்திருப்பார்.