டிஸ்க்கையே பூட்டி லினக்ஸ் இன்ஸ்டால் செய்வது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய கம்ப்யூட்டருக்காக 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். "பார்மட் பண்ணியாச்சு சார், உள்ளே ஒண்ணும் இல்லை" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். வீட்டில் இணைத்து, அழிந்த பைல்களை மீட்கும் இலவச புரோகிராம் ஒன்றைச் சும்மா இயக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பமே திரையில் வந்து நின்றது. ரேஷன் கார்டு ஸ்கேன், பாஸ்புக்கின் முதல் பக்கம், ஒரு பெண்ணின் டிகிரி சர்டிபிகேட், காதுகுத்து போட்டோக்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டேன். ஆனால் அந்த டிஸ்க் வேறு ஒருவர் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

"நான்தான் விண்டோஸுக்கு பாஸ்வேர்ட் வைத்திருக்கிறேனே" என்று நீங்கள் சொல்லலாம். அந்த பாஸ்வேர்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அங்கே அந்த வாட்ச்மேன் இல்லை. டிஸ்க் பூட்டப்படாமல் இருந்தால் பைல்கள் எல்லாம் அப்படியே திறக்கும். எனவே டிஸ்க்கில் எழுதப்படும் தகவலையே யாருக்கும் புரியாதபடி மாற்றி எழுத வேண்டும். இதைத்தான் என்கிரிப்ஷன் என்கிறோம். விண்டோஸில் இதற்கு பிட்லாக்கர் இருக்கிறது. லினக்ஸில் இந்த வசதி இலவசம். இன்ஸ்டால் செய்யும்போதே ஒரு டிக் அடையாளத்தில் கிடைத்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். போடுவதுதான் போடுகிறீர்கள், பூட்டியே போடுங்கள். இங்கே லினக்ஸ் மின்ட் 22, சினமன் பதிப்பை எடுத்துக்கொள்வோம்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

இந்தப் பூட்டின் பெயர் லக்ஸ். லினக்ஸ் யூனிபைட் கீ செட்டப் என்பதன் சுருக்கம்; சோப்பு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டால் டிஸ்க் நேரடியாகப் பூட்டப்படுவதில்லை. இன்ஸ்டால் ஆகும்போது சிஸ்டம் தானாகவே ஒரு பெரிய ரகசிய எண்ணை உருவாக்கும். அதுதான் மாஸ்டர் கீ. டிஸ்க்கில் போகும் ஒவ்வொரு எழுத்தும் இதைக் கொண்டுதான் பூட்டப்படும். இந்த மாஸ்டர் கீயை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை உங்கள் பாஸ்வேர்டால் பூட்டி, பார்டிஷனின் தொடக்கத்தில் வைத்துவிடும். பீரோ சாவியை இன்னொரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறோமே, அதே வேலைதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. பாஸ்வேர்டை மாற்றினால் முழு டிஸ்க்கையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. சின்னப் பெட்டியின் பூட்டை மாற்றினால் போதும், சில விநாடி வேலை. ஆனால் அந்தப் பெட்டி இருக்கும் இடம், அதாவது பார்டிஷனின் தொடக்கத்தில் உள்ள சில எம்பி மட்டும் கெட்டுப்போனால், பாஸ்வேர்ட் சரியாகத் தெரிந்தும் பயனில்லை. பூட்டிய டிஸ்க் வைத்திருப்பவர் பேக்கப் எடுக்காமல் இருக்கவே கூடாது என்பது இதனால்தான்.

தொடங்கும் முன்

நாம் பின்பற்றப் போகும் எளிய வழி டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் லினக்ஸைப் போடும். விண்டோஸ், டி டிரைவ், அதில் உள்ள பாட்டுகள் எதுவும் மிஞ்சாது. வேண்டியவற்றை வெளி டிஸ்க்கில் காப்பி செய்துகொள்ளுங்கள். காப்பி செய்தால் மட்டும் போதாது. வேறு கம்ப்யூட்டரில் நாலைந்து பைல்களைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸையும் வைத்துக்கொண்டு லினக்ஸைப் பூட்டுவதும் முடியும். ஆனால் பார்டிஷன்களை நாமே கையால் அமைக்க வேண்டும். முதல் முறையே அதில் இறங்க வேண்டாம்.

மின்ட்டுக்கு 2 ஜிபி ராம் இருந்தால் போதும் என்பார்கள். 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. டிஸ்க்கில் குறைந்தது 20 ஜிபி இடம் வேண்டும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளதும் அழிந்துவிடும். மின்ட்டின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டுமே ஐஎஸ்ஓ பைலை இறக்கவும். 2016 பிப்ரவரியில் அந்தத் தளத்துக்குள்ளேயே சிலர் புகுந்து, கெட்ட புரோகிராம் கலந்த பைலுக்கு லிங்க்கை மாற்றிவிட்டார்கள். அதனால் தளத்தில் கொடுத்துள்ள எஸ்எச்ஏ256 எண்ணையும் சரிபார்ப்பது நல்லது. விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து அந்த எண்ணைப் பார்க்கலாம். பிறகு எட்சர் அல்லது ரூபஸ் புரோகிராம் மூலம் பைலை பென் டிரைவில் எழுதுங்கள்.

இன்ஸ்டால் செய்யலாம்

பென் டிரைவைச் செருகி கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை அழுத்துங்கள். பல லேப்டாப்களில் இது எப்12. சிலவற்றில் எப்9 அல்லது எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் மின்ட் டெஸ்க்டாப் தோன்றும். இன்னும் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை. வை-பை, ஒலி, டச்பேட் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று இப்போதே சோதித்துவிடுங்கள். பிறகு 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' ஐகானில் டபுள் கிளிக் செய்திடவும்.

மொழியைக் கேட்கும். அடுத்து கீபோர்டு லேஅவுட். இங்கேதான் தமிழ் ஆர்வலர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ் லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பூட் ஆகும்போது பாஸ்வேர்ட் டைப் செய்கையில் எந்த எழுத்து விழுகிறது என்றே தெரியாது. இப்போதைக்கு இங்கிலீஷ் (யுஎஸ்) போதும். தமிழ் கீபோர்டை இன்ஸ்டால் முடிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

'இன்ஸ்டாலேஷன் டைப்' என்ற விண்டோ வரும். அதில் 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அருகில் உள்ள 'அட்வான்ஸ்ட் பீச்சர்ஸ்' பட்டனைக் கிளிக் செய்திடவும். எல்விஎம் பயன்படுத்துவதற்கான வரியைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழே என்கிரிப்ட் செய்வதற்கான கட்டம் இருக்கும். அதில் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கொடுங்கள். இந்தக் கட்டத்தைத் தவறவிட்டால் முதலில் இருந்து மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் எளிது.

அடுத்து 'செக்யூரிட்டி கீ' கேட்கும். இதுதான் டிஸ்க்கின் பாஸ்வேர்ட். இரண்டு முறை டைப் செய்ய வேண்டும். அதே விண்டோவில் காலி இடத்தையும் மேலெழுதி அழிக்கலாமா என்று ஒரு கட்டம் இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் இதை டிக் செய்யுங்கள். லினக்ஸ் புதிதாக எழுதுவது மட்டும்தான் பூட்டப்படும். முன்பு விண்டோஸில் இருந்த உங்கள் பழைய பைல்களின் மிச்சம், புதிதாக எதுவும் எழுதப்படாத இடங்களில் பூட்டில்லாமலே கிடக்கும். நான் வாங்கிய டிஸ்க்கில் காதுகுத்து போட்டோக்கள் கிடந்தது இப்படித்தான். 500 ஜிபி டிஸ்க்கில் விநாடிக்கு 100 எம்பி எழுதினாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும். காபி குடித்துவிட்டு வாருங்கள். புத்தம் புதிய டிஸ்க் என்றால் இது தேவையில்லை.

'இன்ஸ்டால் நவ்' அழுத்தும் முன் திரையில் காட்டப்படும் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் நன்றாகப் பாருங்கள். பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கைக் கழற்றிவிட்டீர்களா? அதையே துடைத்துவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு.

கடைசியாக உங்கள் பெயர், லாகின் பாஸ்வேர்ட் ஆகியவற்றைக் கேட்கும். இது டிஸ்க் பாஸ்வேர்ட் அல்ல, தனி. இங்கே ஹோம் போல்டரை என்கிரிப்ட் செய்யும் கட்டமும் இருக்கும். முழு டிஸ்க்கும் பூட்டியாகிவிட்டதால் அது வேண்டாம். வீட்டில் நீங்கள் ஒருவரே பயன்படுத்துகிறீர்கள் என்றால் தானாக லாகின் ஆகும்படிகூட வைத்துக்கொள்ளலாம். ஒரு பூட்டைத் திறந்துதானே உள்ளே வருகிறீர்கள்?

பாஸ்வேர்டாக என்ன வைப்பது?

பிறந்த தேதி, மொபைல் எண், பிள்ளைகளின் பெயர் வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த குறளின் முதல் வரியும் வேண்டாம். டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவர் எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ள இது ஏடிஎம் அல்ல. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள். குடை, இஞ்சி, ஏணி, தபால், முயல் என்பது மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள்!) அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு புரட்டி எடுத்தால் இன்னும் நல்லது. நாமாக யோசிக்கும் சொற்களில் நம் சாயல் வந்துவிடும். எண்களைச் சேர்த்தால் நம்பர் பேடில் அடிக்காமல் மேல் வரிசையில் அடியுங்கள். பூட் ஆகும்போது நம் லாக் ஆன் ஆகாமல் இருக்கலாம்.

முதல் முறை பூட் ஆகும்போது

பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் மின்ட் லோகோவுடன் பாஸ்வேர்ட் கட்டம் தோன்றும். சரியாகக் கொடுத்து என்டர் தட்டினால் சில விநாடி யோசிக்கும். பயப்பட வேண்டாம், அது வேண்டுமென்றே செய்யும் தாமதம். கள்ளச் சாவி போட்டுப் பார்ப்பவருக்கும் ஒவ்வொரு முயற்சிக்கும் அதே அளவு வேலை ஆகட்டும் என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனபின் வேகத்தில் வித்தியாசம் தெரியாது. இன்டெல் 2010 முதல் தன் பிராசஸர்களில் இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே தனிக் கட்டளைகளைச் சேர்க்கத் தொடங்கியது. கோர் 2 டியோ போன்ற பழையவற்றில் கொஞ்சம் மந்தமாகத் தெரியலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆகியிருந்தால்தான் டிஸ்க் பூட்டியிருக்கும். லேப்டாப்பை மூடி ஸ்லீப்பில் வைத்தால் மாஸ்டர் கீ ராமிலேயே இருக்கும். மின்சாரம் நின்ற பிறகும் ராமில் உள்ளது உடனே மறைவதில்லை, அதிலிருந்து கீயை எடுக்க முடியும் என்று 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். அந்த அளவுக்கு யாரும் நம்மைத் தேடி வரப்போவதில்லை என்றாலும், ரயிலில் ஏறும் முன் ஷட் டவுன் செய்துவிடுங்கள். வைரஸ், போலி மெயில் இவற்றுக்கும் இந்தப் பூட்டுக்கும் சம்பந்தமில்லை. கம்ப்யூட்டர் ஓடும்போது பூட்டு திறந்தே இருக்கிறது.

மறந்துவிட்டால்?

போயே போச்சு. கம்பெனிக்கு போன் செய்தாலும், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாலும், யாராலும் திறக்க முடியாது. நான் பூட்டிக் கொடுத்த லேப்டாப்பை நண்பர் ஒருவர் நான்கு மாத வெளியூர் வாசத்துக்குப் பிறகு திறக்கப் பார்த்தார். ஐந்து சொற்களில் நான்குதான் நினைவுக்கு வந்தது. இரண்டு நாட்கள் இருவரும் உட்கார்ந்து முயன்றோம், கிடைக்கவில்லை. அவருடைய அம்மா கடைசியாகப் பேசிய வீடியோ அதில் இருந்தது. வேறு எங்கும் அது இல்லை. பேக்கப்பைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருந்தேன்; எடுக்கும்வரை கூட இருக்கவில்லை. இப்போதெல்லாம் பேக்கப் எடுத்து முடித்த பிறகுதான் அடுத்தவர் கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுக்கிறேன்.

பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல், நகை, பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அந்தத் தாள் இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்ற, மெனுவில் 'டிஸ்க்ஸ்' புரோகிராமைத் திறந்து, பூட்டுப் படம் உள்ள பார்டிஷனைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கர ஐகானில் 'சேஞ்ச் பாஸ்பிரேஸ்' என்பதைக் கிளிக் செய்திடவும். தாளில் உள்ளதையும் அன்றே மாற்றி எழுதுங்கள்.

பேக்கப் டிஸ்க்கையும் இதே புரோகிராமில் பூட்டிவிடலாம். பார்மட் செய்யும்போது லினக்ஸுக்கு மட்டுமான எக்ஸ்ட்4 வகையைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட் பாதுகாப்பு தரும் லக்ஸ் கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். பார்மட் செய்தால் அதில் உள்ளது அழியும் என்பதால், விண்டோஸில் இருந்து காப்பி செய்த பைல்களை முதலில் மின்ட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, அவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு செய்யுங்கள். இப்படிப் பூட்டிய டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் அது பார்மட் செய்யலாமா என்று கேட்கும். 'கேன்சல்' கொடுத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.