நூற்றாண்டு விழாவும் இடிக்கப்பட்ட மண்டபமும்



பொருட்காட்சி என்றதும் விளக்கு அலங்காரமும் இராட்டினமும் நம் நினைவிற்கு வரும். ஆயினும் ஒரு மாநிலம் தன் நூற்றாண்டைக் கொண்டாட எழுப்பும் பொருட்காட்சி, "எங்கள் வரலாறு இதுவே" என்று உலகிற்கு எடுத்துரைக்கும் பாடநூலும் ஆகும். அப்பாடநூலில் யாவருக்கும் இடம் கிடைத்ததா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1936ஆம் ஆண்டில் நடத்திய பொருட்காட்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மெக்சிகோவின் ஆட்சியில் இருந்த டெக்சாஸ், 1836 மார்ச் 2ஆம் நாள் விடுதலையை அறிவித்தது. சில ஆண்டுகள் தனிக் குடியரசாக விளங்கிப் பின்னர் 1845இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுடன் இணைந்தது. அதன் நூற்றாண்டு விழாவை நடத்த ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டாலஸ் ஆகிய நகரங்கள் போட்டியிட்டன. 1836இல் டாலஸ் என்றோர் ஊரே இருக்கவில்லை! எனினும், மிகுதியான பொருள் தர முன்வந்தமையால் அந்நகரமே தெரிவு செய்யப்பட்டது.

அது பொருளாதார மந்தம் நிலவிய காலம். கட்டட வேலை பலருக்குப் பிழைப்பளித்தது. கட்டடக் கலைஞர் ஜார்ஜ் டால் தலைமையில் மாளிகைகள் எழுந்தன. ஜூன் 6 முதல் நவம்பர் 29 வரை 60 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டு களித்தனர்.

அம்மாளிகைகளிடையே கறுப்பின மக்களின் வாழ்வைக் காட்டும் மண்டபம் ஒன்றும் இருந்தது. அதற்கு மாநிலத்தில் நிதி கிடைக்கவில்லை. மேசியோ ஸ்மித் முதலிய கறுப்பினத் தலைவர்கள் அயராது முயன்று நடுவண் அரசிடமிருந்து 1,00,000 டாலர் பெற்றனர். மண்டபம் ஜூன் 19ஆம் நாள் திறக்கப்பட்டது. 1865இல் அதே நாளில்தான், அடிமைகள் விடுதலை பெற்ற செய்தி டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் அறிவிக்கப்பட்டது. அடிமை வாழ்விலிருந்து நம்பிக்கை நோக்கி நடக்கும் மக்களை ஆரன் டக்ளஸ் நான்கு பெரும் ஓவியங்களில் தீட்டியிருந்தார். ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அம்மண்டபத்தைப் பார்வையிட்டனர். அவர்களுள் வெள்ளையரும் பலர்.

விழா முடிந்தது. பெரிய மாளிகைகள் பல நிலைத்து நின்றன. இம்மண்டபமோ விரைவில் இடிக்கப்பட்டது. நான்கு ஓவியங்களில் இரண்டே இன்று எஞ்சியுள்ளன. ஒன்று வாஷிங்டனிலும் மற்றொன்று சான் பிரான்சிஸ்கோவிலும் காக்கப்படுகின்றன.

பொருட்காட்சி நடந்த பூங்கா 1986இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1993இல் அப்பூங்காவிலேயே ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. 2021இல் ஜூன் 19 நாடு முழுவதற்கும் விடுமுறை நாளாயிற்று. கட்டடம் மறைந்தபின்னும் அதன் நினைவைச் சிலர் விடாது போற்றினர். அதனாலன்றோ நாம் இன்று இவ்வரலாற்றைக் கற்கிறோம்!

பெற்றோர்களே! உங்கள் ஊர், உங்கள் முன்னோர் பற்றிய செய்திகளை இவ்வாரமே பிள்ளைகளுக்குக் கூறி எழுதச் செய்யுங்கள்.

வினாக்கள்

1. விழா நடத்த டாலஸ் தெரிவு செய்யப்பட்டது ஏன்?
2. மண்டபத்தைத் திறக்க ஜூன் 19ஆம் நாள் பொருத்தமானது எவ்வாறு?
3. உங்கள் குடும்ப வரலாற்றுக்கு ஒரு மண்டபம் அமைத்தால் அதில் எவற்றை வைப்பீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.