எங்கள் வீட்டு மொழி
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

"உங்கள் வீட்டில் தெலுங்கா பேசுகிறீர்கள்?" என்று சென்ற ஆண்டு ஒரு தோழி என்னைக் கேட்டாள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அது பொய். விளக்கம் சொல்லக் கூச்சம். அந்தப் பொய்க்கு ஈடாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன், தோழியரே!

நாங்கள் பேசுவது சௌராஷ்டிர மொழி. நம் சேலத்து நெசவாளர் வீடுகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். இம்மூன்றும் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் இந்த உறவை விரிவாகக் காட்டியது. பக்கத்துத் தறியில் கேட்கும் எங்கள் மொழியோ இந்தோ-ஆரியக் குடும்பம். தண்ணீரை நாங்கள் 'பானி' என்போம். இந்திக்காரர்களும் அப்படியே சொல்வார்கள். ஐந்து என்பது 'பாஞ்ச்'. குஜராத்தியிலும் ஏறக்குறைய அதே ஒலிதான்.

எங்கள் முன்னோர் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேவகிரி, விஜயநகரம் வழியாகத் தமிழகம் வந்த பட்டு நெசவாளர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வழியெல்லாம் மராத்தி, தெலுங்கு, கன்னடச் சொற்கள் ஒட்டிக்கொண்டன. இங்கே தமிழும் சேர்ந்தது. அப்படியானால் இது எந்தக் குடும்பம் என்று ஐயம் எழலாம். அடுத்த வீட்டில் உரலை இரவல் வாங்கினால் உறவாகிவிடுமா? எண்ணுப் பெயர்கள், அடிப்படைச் சொற்கள், இலக்கணம் ஆகியவற்றைப் பார்த்தே அறிஞர்கள் உறவை முடிவு செய்கிறார்கள்.

இனி ஒலிகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 'காகம்' என்ற சொல்லில் முதல் எழுத்து வன்மையாகவும் இரண்டாவது மென்மையாகவும் ஒலிக்கிறது. தமிழுக்கு ஒரே 'க' போதும், இடம் பார்த்து நாமே ஒலித்துக்கொள்வோம். எங்கள் மொழியில் அது போதாது. மூச்சை அழுத்தி விடும் ஒலிகளும் உண்டு. ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். சோற்றை 'பா⁴த்' என்போம். அந்தச் சிறிய 4 எதற்கு என்கிறீர்களா? தமிழ் எழுத்தில் எங்கள் மொழியை அச்சிடும்போது க, க², க³, க⁴ என்று எண்ணிட்டு நான்கு ஒலிகளைக் காட்டுவார்கள். கணக்குப் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள்! ம, ந, ர, ல ஆகியவற்றோடும் மூச்சொலி சேரும். அதற்கு 'ம:' என்பது போல இருபுள்ளி இடுவார்கள்.

எங்களுக்குத் தனி எழுத்தும் உண்டு. டி. எம். ராமராய் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதில் பாடநூல்கள் அச்சிட்டார். 2008-இல் கணினிக்கான யூனிகோடிலும் அவ்வெழுத்து இடம்பெற்றது. ஆனால் எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மொழி பேசுவோர் 2,47,702 பேர். என் தம்பி அந்தக் கணக்கில் சேருவானா என்பது ஐயமே. பாட்டி எங்கள் மொழியில் கேட்டால் அவன் தமிழில்தான் பதில் சொல்கிறான். நானும் சில மாதம் முன்புவரை அப்படித்தான்.

மதுரையில் அத்தை வீட்டில் இருக்கும் பாட்டிக்கு, தமிழ் எழுத்தில் எண்களிட்டு, எங்கள் மொழியில் முதன்முதலாக ஒரு கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில் என் கடிதமே திரும்பி வந்தது. மூன்று இடங்களில் நான் விட்டிருந்த 4-ஐப் பாட்டி சிவப்பு மையில் போட்டிருந்தார். அடியில், அடுத்த கடிதம் எப்போது என்று எங்கள் மொழியிலேயே கேட்டிருந்தார்.