கிழக்குக் கரையின் தொன்மை

காஞ்சிபுரத்தை அடுத்த இராசகுளத்தில் நிற்பார் கண்ணுக்குக் கடல் புலப்படாது. ஆயினும், அப்பக்கத்தே திருப்பெரும்புதூரைச் சூழ்ந்த களிப்பாறைகளைப் பிளந்தால், பழைய மரஞ்செடிகளின் இலையச்சுகள் காணப்படும். கடலுயிர்களின் ஓடுகளும் அங்கே கிடைத்துள்ளன. காட்டிலையும் கடலோடும் ஒருங்கே கிடக்கக் காரணம் யாது?

ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நம் நாடு அண்டார்க்டிகாவோடு ஒட்டிக் கிடந்தது. அப்பெருநிலத்தை நிலநூலார் கோண்டுவானா என்பர். நடுவிந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரே உலகறிந்த பெயராயிற்று. பிசைந்த மாவை இருபுறமும் இழுத்தால் நடுவிடம் மெலிந்து தொய்வது போல, அந்நிலம் இழுபட்டு மெலிந்தது. பின்னர் வெடித்துத் துண்டு துண்டாகத் தாழ்ந்தது. அங்ஙனம் கரையோரம் தோன்றிய பள்ளங்களுள் ஒன்று பாலாற்றுப் படுகை. கரைமரங்களின் இலைகள் அதன் சேற்றில் வீழ்ந்து படிந்தன.

அதற்குத் தெற்கே உள்ளது காவிரிப் படுகை. தஞ்சை, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் எனப் பல பள்ளங்கள் அதனுள் உள. அவற்றிடையே கும்பகோணம்–மாதானம் மேடு போன்ற பாறைமேடுகள் புதைந்துள்ளன. வயல்வரப்பில் நடக்கும் உழவர்க்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. வண்டல் யாவற்றையும் மூடிச் சமன்செய்துவிட்டது. அவ்வண்டலின் கனம் சிலவிடங்களில் 5 கிலோமீட்டருக்கும் மிகும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டரே என்பதை எண்ணுக!

பள்ளம் நிரம்பியபின் மேலும் வண்டல் தங்குவது எங்ஙனம் என மாணவர் வினவலாம். நல்ல வினாவே. பிளவின்போது வெப்பமுற்ற நிலவோடு மெல்ல ஆறிச் சுருங்கித் தாழ்ந்தது. வண்டலின் சுமையும் அதனை அழுத்திற்று. அடி தாழத் தாழ, மேலே இடம் உண்டாயிற்று.

இடையிடையே கடல் நிலத்தினுள் ஏறிற்று. இன்று வறண்டு தோன்றும் அரியலூர்ப் பகுதி அன்று கடலடியாய் இருந்தது. சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு உயிர்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. எட்வர்டு ஃபோர்பசு 1846-இல் அத்தகைய தென்னாட்டு ஓடுகளை ஆராய்ந்து எழுதினார். என்றி பிளான்போர்டு 1862-இல் அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூவகைப்படுத்தினார்.

சேற்றோடு புதைந்த நுண்ணுயிர்கள் ஆழத்து வெப்பத்தால் எண்ணெயாகவும் எரிவளியாகவும் மாறின. 1985-இல் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் எண்ணெய் கண்டனர். மேலே நெல், கீழே எண்ணெய்! இரண்டும் வண்டல் தந்த செல்வமே. எனினும், ஒன்றை எடுக்கப் புகுந்தால் மற்றொன்று கெடுமோ என உழவர் அஞ்சினர்; பல்லாண்டு வழக்காடினர். 2020-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் இயற்றி, அம்மண்டலத்தில் புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை விதித்தது. முன்னரே நடந்துவந்த பணிகளை அச்சட்டம் தடுக்கவில்லை.