வாயை ஒட்டிவிடாதே

பீடோங்

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த வாரம் பாலர் வகுப்பில் காகிதப் பையில் மிருக பொம்மை செய்யப் போவதாகச் சொன்னாய். நீ செய்து அனுப்பிய சிங்கத்தின் படத்தையும் பார்த்தேன். பிடரி மயிரை இழை இழையாக வெட்டி ஒட்டியிருக்கிறாய். அழகுதான், ஆனால் அது நீ செய்த சிங்கம். ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்ததும், "டீச்சர், எனக்கு வராது" என்று பையை உன்னிடமே நீட்டும். உன் சிங்கத்தை மேசைக்குள் வைத்துப் பூட்டு. வெறும் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அவர்கள் முன் உட்கார். கண், காது ஒன்றும் வேண்டாம். மடிப்பைத் திறந்து மூடி, "பசியாறியாச்சா?" என்று கேள். பதில் சொல்லாத பிள்ளை இருக்காது.

அந்த மடிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பையைக் கவிழ்த்துப் பிடித்தால் தட்டையான அடிப்பாகம் மேலே வந்து, மடிந்து முன்பக்கம் படுத்திருக்கும். அது முகம். அதன் விளிம்பு மேலுதடு. தூக்கினால் உள்ளே தெரிவது வாய். பிள்ளைகள் அவசரத்தில் மடிப்புக்கு அடியில் பசையைத் தடவி வாயையே ஒட்டிவிடுவார்கள். பிறகு பொம்மை ஊமை, பிள்ளைக்கு அழுகை. அதனால் முதலில் நாக்கை ஒட்ட வை. ஒட்டியதும் மடிப்புக்குள் ஒரு துண்டுத் தாளைச் செருகி வைத்து, கடைசியில் உருவிவிடு.

தட்டை அடிப் பையைச் செய்யும் இயந்திரத்துக்கு மார்கரெட் நைட் என்ற அமெரிக்கப் பெண் 1871இல் காப்புரிமை வாங்கினாள். அவள் யோசனையை ஒருவன் திருடித் தனதென்று சொல்ல, வழக்காடி ஜெயித்த பிறகுதான் அது அவள் கைக்கு வந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேண்டாம், உனக்காகச் சொல்கிறேன். அந்த அடி இல்லாவிட்டால் நம் பொம்மைக்கு வாய் ஏது? பீசாங் கோரேங் போட்டுத் தரும் பைகள் பலவற்றில் அது இருக்காது, எண்ணெய் வேறு. பெரிய பையும் உதவாது. பிள்ளையின் விரல் மடிப்புக்கு எட்டாமல், முழங்கை வரை உள்ளே போயும் வாய் அசையாது. ரொட்டிக் கடையில் ஒற்றை பன் போடும் சின்னப் பை போதும்.

ஊற்றும் வெள்ளைப் பசை தாளை ஊற வைத்துச் சுருக்கிவிடும். குச்சிப் பசை வாங்கு. கடையில் விற்கும் ஆடுகிற கண்மணிகளைத் தொடாதே. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பிய்த்து விழுங்கிவிடும். கண்ணைத் தாளில் வரைந்தால் போதும்.

சிங்கத்தை விடு. பீடோங் பிள்ளை சிங்கத்தைப் பார்க்கத் தைப்பிங் மிருகக்காட்சிச் சாலைக்குப் போக வேண்டும். மாடு, குரங்கு, உடும்பு, காட்டுப்பன்றி எல்லாம் தோட்டத்துப் பக்கம் வளர்கிற பிள்ளைக்குத் தெரியும். கூகையும் தெரிந்திருக்கலாம். செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்கக் கம்பத்தில் பெட்டி வைத்துக் கூகையைக் குடியமர்த்துகிறார்கள் அல்லவா? அதன் முகம் இதய வடிவம். வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து ஒரு வளைவு வெட்டி விரித்தால் முகம் தயார். அலகை மடிப்பின் விளிம்பில் ஒட்டினால் பேசும்போது திறந்து மூடும். அப்பா தோட்டத்தில் வேலை செய்கிற பிள்ளை அன்றைக்கு உனக்கே பாடம் எடுக்கும், கேட்டுக்கொள்.

வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் வகுப்பு நேரத்தைத் தீர்த்துவிடாதே. பாதி நேரமாவது பொம்மைகள் பேசட்டும். ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள் என்றால் வாயே திறக்காத ஒன்றிரண்டாவது இருக்கும். அப்படி ஒரு பிள்ளையின் கையில் மாடு ஏறியதும் மாடு பேசும். அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்காதே. மாட்டைப் பார்த்தே கேள், மாட்டுக்கே பதில் சொல். நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்து "அட, நீ பேசுறியே!" என்று சொன்னாயோ, போச்சு, திரும்ப வாயை மூடிக்கொள்ளும். மாடு மலாய் கலந்து பேசினாலும் இடைமறித்துத் திருத்தாதே. நம் கெடாவின் வாயாங் கெடெக் நிழற்கூத்தில் கோமாளிப் பாவைக்குத் தாடை அசையும். அது வாயைத் திறந்தாலே கூட்டம் சிரிக்கும். மனிதர் சொல்லத் தயங்குவதைக் கோமாளி சொல்லிவிடுவான். உன் வகுப்பிலும் குரங்கு ஏதாவது சொல்லும். சில சமயம் வீட்டுச் சண்டை வரைக்கும் வெளியே வரும். அதை வகுப்பில் கிளறாதே. தனியாக மனதில் வைத்துக்கொள்.

யாராவது பார்க்க வருகிறார்கள் என்று பொம்மைகளைச் சுவரில் குத்தி வைப்பது எனக்குப் பிடிக்காது. காது கோணலானாலும் அன்றே வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. ராத்திரி பாட்டியிடம் அது பேச வேண்டாமா?

பைகளை நீ காசு கொடுத்து வாங்க வேண்டாம். உன் பெரியப்பா ரொட்டிக் கடையில் சொல்லி ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் வா, தோசை சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.

அன்புடன்,
பெரியம்மா