விரால் குழம்புக்கு மூவாயிரம் ரூபாய் ஒயின்

புளி கரைத்து, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்ட குழம்புக்குப் பக்கத்தில் விலை உயர்ந்த சிவப்பு ஒயினை வைக்காதீர்கள். இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. பணம் கொடுத்தவன் நான். பாட்டிலைத் தேர்ந்தெடுத்தவர் என் மச்சான்.

விருந்து புதுச்சேரியில், தம்பி வீட்டில். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வீராணம் ஏரி விரால், பரங்கிப்பேட்டை இறால், பண்ருட்டி முந்திரி எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். ஒயினை மட்டும் அங்கேயே வாங்கி அங்கேயே முடிப்பதாக ஏற்பாடு. விலை மலிவாக இருக்கிறதே என்று நாலு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கடலூர்ப் பக்கம் திரும்பினால் சோதனைச்சாவடியில் பதில் சொல்லி மாளாது.

கடையில் நான் கையில் எடுத்தது நாசிக் சுலாவின் செனின் பிளாங்க். லேசாக இனிக்கும் வெள்ளை ஒயின், ஆயிரத்தைத் தொடவில்லை. "மாப்ளே, இவ்ளோ பெரிய மீனுக்கு இதையா ஊத்துவே?" என்று மச்சான் அதை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு, பிரான்ஸிலிருந்து வந்த போர்டோ சிவப்பு ஒன்றை எடுத்தார். மூவாயிரத்துச் சொச்சம். அவர் காணாதபடி செனின் பிளாங்கையும் கூடையில் போட்டுக்கொண்டேன்.

குழம்பை ஒரு வாய், ஒயினை ஒரு மிடறு, அவ்வளவுதான். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி வாய் இழுத்துப் பிடித்தது, காரம் காது வரை ஏறியது. காரணம் எளிது. சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் புளிக்க வைக்கிறார்கள். அதில் இறங்கும் டானின் என்ற துவர்ப்பும், ஒயினின் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடும். போதாததற்கு மீன். ஒயினில் இருக்கும் இரும்பு மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்புகிறது என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2009-லேயே சொல்லிவிட்டார்கள். மச்சான் சிங்கப்பூரில் பதினைந்து வருஷம் இருந்தவர், அவருக்கு ஜப்பான் பக்கம்தான்.

செனின் பிளாங்க் கால் மணி நேரத்தில் காலி. ஜில்லென்ற இனிப்பு காரத்தைத் தணித்தது, அதிலுள்ள புளிப்பு குழம்பின் புளிக்கு ஈடுகொடுத்தது. இறால் தொக்குக்கும் அதுவே போதும். வறுத்த முந்திரிக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் நுரைக்கிற ஒயின் இருந்தால் இன்னும் நல்லது, உப்பையும் எண்ணெயையும் வழித்துக்கொண்டு போகும்.

போர்டோவைக் குறை சொல்லவில்லை. மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தோம். மறுநாள் புளி சேராத, மிளகு போட்ட ஆட்டுக்கறி வறுவலோடு அதே ஒயின் அருமையாக இறங்கியது. கொழுப்புள்ள கறிக்குத்தான் துவர்ப்பு. அதற்கும் மூவாயிரம் தேவையில்லை, நாசிக் ஷிராஸ் போதும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள்தான். விலை குறைந்த வெள்ளை ஒயின் என்றால் லேபிளில் ஆண்டைப் பாருங்கள், ரொம்பப் பழசு வேண்டாம். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நின்ற பாட்டிலைத் தொடாதீர்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்வது 18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய அறையை வைத்து. நம் சித்திரையில் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

சாப்பாடு முடிந்ததும், வராகப் பெருமாள் கோயிலிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கோரைக்கிழங்குப் பிரசாதத்துக்கு எந்த ஒயின் பொருந்தும் என்று மச்சான் ஆரம்பித்தார். என் மனைவி பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். பிரசாதத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

போர்டோவை இரண்டு மணி நேரம் முன்பே திறந்து காற்றாட விட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த பாட்டிலுக்கு அவர் பணம் கொடுக்கட்டும், ராத்திரி முழுக்கக் காற்றாட விடலாம்.